கடைசி வடம் அவிழும் வரை

(கப்பல் சுற்றுலாக் கட்டணங்கள் பற்றி வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மயாமித் துறைமுகத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. கடைசிப் பயணியும் ஏறியாகிவிட்டது. ஏணிப்பாலத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். கரையில் நிற்கும் தொழிலாளர்கள் இரும்புக் கட்டைகளில் மாட்டியிருக்கும் வடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தண்ணீரில் விடுகிறார்கள். கப்பல் அவற்றை ஈரம் சொட்டச் சொட்ட மேலே இழுத்துக்கொள்கிறது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே முதலில் முழம் அகலத்துக்குத் தண்ணீர் தெரிகிறது, பிறகு தெரு அகலத்துக்கு.

அதே நேரத்தில் ஒன்பதாம் தளத்தில் ஓர் அறை. வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருக்கிறது. இரண்டு தலையணை, இரண்டு துண்டு, இரண்டு கண்ணாடி டம்ளர். ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள் மட்டும் இல்லை. அந்த அறையின் ஏழு இரவுகளைச் சில நாள் முன்பு வரை யாருக்காவது விற்றிருக்கலாம். கடைசி வடம் அவிழ்ந்த கணத்தில் அவற்றின் மதிப்பு பூஜ்யம். விற்காத புடவையை அடுத்த ஆடித் தள்ளுபடியில் போட்டுவிடலாம். விற்காத அரிசி மூட்டையில் கிடக்கும். கப்பலில் காலியாகப் போன படுக்கைக்கு மறுவாய்ப்பே கிடையாது.

கோயம்பேடு பூ மார்க்கெட்டுக்குப் போனவர்களுக்கு இந்த நிலைமை உடனே புரியும். விடியலில் மல்லிகை எந்த விலைக்குப் போனாலும், வெயில் ஏறி மொட்டு வாய்திறக்கத் தொடங்கியதும் வியாபாரியின் குரல் இறங்கிவிடும். அப்படியானால் கப்பல் கட்டணமும் புறப்படும் நாள் நெருங்க நெருங்க இறங்கிக்கொண்டே போக வேண்டும், கடைசிவரை காத்திருந்தவருக்கே லாபம் என்று தோன்றும். இங்கேதான் இன்னொரு காட்சியையும் நினைத்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள், சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஆம்னி பேருந்து. அதன் இருக்கையும் பேருந்து கிளம்பிவிட்டால் பூஜ்யம்தான். ஆனாலும் கட்டணம் நாளுக்கு நாள் ஏறுகிறதே தவிர இறங்குவதில்லை. கடைசி நேரத்தில் கேட்பவர் போயே ஆக வேண்டியவர் என்பது விற்பவருக்குத் தெரியும்.

ஒரே கப்பலின் கட்டணத்துக்குள் இந்தப் பூக்கடையும் இருக்கிறது, அந்தப் பேருந்தும் இருக்கிறது. எந்த மாதத்தில், எந்தக் கடலில், எந்த அறைக்கு எது மேலோங்கும் என்று பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2024-ல் உலகெங்கும் 3 கோடியே 46 லட்சம் பேர் கப்பல் சுற்றுலா போயிருக்கிறார்கள். கொரோனாவுக்கு முந்தைய 2019-ல் இந்த எண்ணிக்கை 2 கோடியே 97 லட்சம். இவர்களில் பலர் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்தவர்கள், பெற்றோரின் மணிவிழாவுக்குப் பரிசாகப் பயணம் வாங்கிய பிள்ளைகள், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை போக நினைத்தவர்கள். அவர்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னால் உழைப்பு இருக்கிறது. கட்டணம் எப்படி ஏறி இறங்குகிறது என்பது விற்பவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கக் கூடாது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1972 மார்ச் மாதம் டெட் ஆரிசன் என்பவர் ஒரு பழைய கப்பலை வாங்கி, ‘மார்டி கிரா’ என்று பெயர் மாற்றி, மயாமியிலிருந்து முதல் பயணத்துக்கு அனுப்பினார். விற்பனைக்கு உதவுவார்கள் என்று பயண முகவர்கள் சில நூறு பேரையும் விருந்தினர்களாக ஏற்றியிருந்தார். துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் கப்பல் மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது. இப்படித் தரைதட்டித் தொடங்கிய நிறுவனம்தான் கார்னிவல். இன்று உலகின் மிகப் பெரிய கப்பல் சுற்றுலா நிறுவனம் அது. ஆரிசனின் வழி எளிமையானது. கட்டணத்தைச் சாமானியருக்கு எட்டும்படி வை, கப்பலை நிரப்பு, ஏறியவர்கள் ஆடவும் பாடவும் குடிக்கவும் சூதாடவும் கப்பலுக்குள்ளேயே இடம் கொடு. கட்டணத்தில் விட்டது உள்ளே வந்து சேரும்.

அந்த வழி இன்றும் மாறவில்லை. 2024-ல் கார்னிவல் குழுமத்தின் மொத்த வருவாய் ஏறத்தாழ 2,500 கோடி டாலர். அதில் பயணச்சீட்டு மூலம் வந்தது சுமார் 1,650 கோடி. மிச்சம் 850 கோடிக்கு மேல், அதாவது மூன்றில் ஒரு பங்கு, மதுவகை, சூதாட்டக் கூடம், கரைச் சுற்றுலா, இணைய வசதி, ஸ்பா போன்றவற்றிலிருந்து வந்தது. காலி அறை என்றால் அறைக் கட்டணம் மட்டும் நஷ்டமாவதில்லை, அந்த இரண்டு பேர் ஏழு நாளில் உள்ளே செலவழித்திருக்கக்கூடிய பணமும் போகிறது. எரிபொருளும் மாலுமிகளின் சம்பளமும் அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். கூடுதலாக இரண்டு பேர் ஏறுவதால் கூடும் செலவு சாப்பாடும் சலவையும் போலச் சிறியது. ஆகவே எந்த நிறுவனமும் அறையைக் காலியாக விட்டுப் புறப்பட விரும்பாது.

எவ்வளவு விரும்பாது என்பதற்கு அவர்களின் கணக்குப் புத்தகமே சாட்சி. அறைக்கு இரண்டு பேர் என்று வைத்து, எல்லா அறையும் நிரம்பினால் அதை 100 சதவீதம் என்பார்கள். மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகள் சேரும்போது நூறைத் தாண்டும். 2024-ல் கார்னிவல் காட்டிய நிரம்பல் 105 சதவீதம். ராயல் கரீபியன் குழுமத்தில் அது ஏறத்தாழ 108. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் போன ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் அறைக்கு இருவர் கணக்கில் 5,610 பேருக்கு இடம், உச்ச எண்ணிக்கை 7,600.

நிரப்ப வேண்டும், ஆனால் மலிவாகக் கொடுத்து நிரப்பக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பதற்கு வருவாய் மேலாண்மை என்று பெயர். இந்தக் கலையைக் கப்பல்காரர்கள் விமானத் துறையிலிருந்து கற்றார்கள். 1978-ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்கள் மீதான கட்டுப்பாட்டை எடுத்தது. மலிவு விலையில் பறந்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனம் பெரிய நிறுவனங்களைத் திணறடித்தது. 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பதிலடி கொடுத்தது. ஒரே விமானத்தில் சில இருக்கைகளை மட்டும், முன்கூட்டியே வாங்குவோருக்கு மிகக் குறைந்த விலையில் விட்டது. அவசரமாகப் போகும் வியாபாரிக்கு மிச்சத்தைப் பழைய விலையிலேயே வைத்திருந்தது. எந்த விலையில் எத்தனை இருக்கை என்பதைக் கணினி தினமும் திருத்தியது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் அதற்குப் பிறகு தனித்து நிற்க முடியாமல் விற்கப்பட்டது.

கப்பலிலும் இதே கணினிதான் உட்கார்ந்திருக்கிறது. ‘கட்டணம் எவ்வளவு?’ என்று ஒருவர் கேட்கும்போது அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. புறப்பட இன்னும் எத்தனை நாள்? அந்த வகையில் எத்தனை அறை மிச்சம்? சென்ற ஆண்டு இதே நாளில் எவ்வளவு விற்றிருந்தது? விற்பனை எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போனால் விலை ஏறும், சுணங்கினால் இறங்கும். இன்று காலை பார்த்த கட்டணம் மாலையில் மாறுவதற்கு இதுவே காரணம்.

இனி ஒரு கட்டணத்தின் ஆயுளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்க்கலாம்.

ஒரு பயணத்துக்கான விற்பனை பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டுக்கு முன்பே திறக்கிறது. அன்று ஓடிவந்து வாங்குபவர்கள் பழைய வாடிக்கையாளர்கள். எந்தத் தளத்தில் எந்த மூலையில் உள்ள பால்கனி அகலமானது என்பது அவர்களுக்கு மனப்பாடம். தொடக்கக் கட்டணம் பொதுவாக நியாயமாக இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. வாங்குபவர் முன்பணம் கட்டுகிறார், அந்தப் பணம் மாதக்கணக்கில் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2023-ம் ஆண்டு முடிவில் கார்னிவல் கையில் இருந்த வாடிக்கையாளர் முன்பணம் மட்டும் 640 கோடி டாலர். வட்டியில்லாமல் கிடைக்கும் பணத்துக்குக் கொஞ்சம் விலை குறைத்துக் கொடுப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

அடுத்தது ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதம். கப்பல் தொழிலில் இதை ‘வேவ் சீசன்’, அதாவது அலைப் பருவம் என்பார்கள். வட நாடுகளில் கடுங்குளிர், புத்தாண்டு பிறந்து விடுமுறைப் பட்டியல் கையில் வந்த நேரம். வெயிலைத் தேடி ஆட்கள் முன்பதிவு செய்யும் காலம் அது. எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் கடை விரிக்கின்றன. இந்தப் பருவத்தில் கட்டணத்தை வெட்டுவதைவிட மேலே கொசுறு போடுவதே அதிகம். மதுவகைத் தொகுப்பு இலவசம், இணையம் இலவசம், கப்பலுக்குள் செலவழிக்க 100 டாலர், குறைந்த முன்பணம் என்று அறிவிப்புகள் வரும். மதுவே தொடாத குடும்பத்துக்கு அந்த இலவசத்தால் ஒரு பைசா பயனில்லை. கொசுறைக் கழித்துவிட்டு அடிப்படைக் கட்டணத்தை மட்டும் சென்ற மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கட்டம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இறுதித் தவணை நாள். கப்பல் புறப்படுவதற்கு ஏறத்தாழ 90 நாள் முன்பு முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டும். குறுகிய பயணங்களுக்கு 75 நாள், நீண்ட பயணங்களுக்கு 120 நாள் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். அந்த நாள் வரை, முன்பணத்தைத் திருப்பித் தரும் வகையில் பதிவு செய்தவர் பெரும்பாலும் நஷ்டமில்லாமல் விலகிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு விலகினால் ரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறி, கடைசி வாரங்களில் முழுத் தொகையும் போய்விடும்.

இந்த ஒரு நாள் கப்பலின் அறைக் கையிருப்பையே புரட்டிப் போடுகிறது. இரண்டு மூன்று பயணங்களில் இடம் பிடித்து வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது விலகுகிறார்கள். பயண முகவர்கள் குழுக்களுக்காகப் பிடித்துவைத்து விற்க முடியாமல் போன அறைகள் நிறுவனத்துக்கே திரும்புகின்றன. நிரம்பியது போல் தெரிந்த கப்பலில் திடீரென்று நூறு அறை காலி என்று கணினி காட்டும். கட்டணம் இறங்குவதற்கு வாய்ப்பு மிகுந்த காலம் இதைச் சுற்றிய சில வாரங்கள்.

முன்பே பதிவு செய்தவர்களுக்கும் இங்கே ஒரு வழி திறக்கிறது. இறுதித் தவணை கட்டுவதற்கு முன் விலை இறங்கினால், பல நிறுவனங்கள் கேட்டவருக்குப் புதிய விலையைக் கொடுக்கின்றன, அல்லது வித்தியாசத்தைக் கப்பலுக்குள் செலவழிக்கும் தொகையாக வரவு வைக்கின்றன. கேட்டவருக்கு மட்டும்தான். யாரும் தானாகக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. விதிகள் பதிவு செய்யும் நாட்டையும் சீட்டின் வகையையும் பொறுத்தவை என்பதால் பதிவு செய்யும் அன்றே முகவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

நான்காவது கட்டம் கடைசி ஆறு வாரம். பூக்கடைக்காரரின் குரல் இறங்கும் நேரம் என்று நாம் எதிர்பார்ப்போம். முன்பு அப்படித்தான் இருந்தது. ஆனால் கடைசி நேரத் தள்ளுபடி ஒரு நோய் என்று நிறுவனங்கள் உணர்ந்தன. ஆறு மாதம் முன்பே கூடுதல் பணம் கட்டியவர் சாப்பாட்டு மேசையில் பக்கத்து அறைக்காரரிடம் பேசித் தெரிந்துகொண்டால் கொதித்துப் போவார். அடுத்த முறை அவரும் காத்திருப்பார். எல்லாரும் காத்திருந்தால் தொழில் படுத்துவிடும். 2015-ல் ராயல் கரீபியன் கடைசி நேரத் தள்ளுபடியைக் கைவிடுவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. இப்போது விலை குறைப்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கிறது. துறைமுகம் உள்ள மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு, முதியோருக்கு, பழைய வாடிக்கையாளர்களுக்கு என்று தனித்தனியாக மின்னஞ்சல் போகும். ஏற்கெனவே பதிவு செய்தவரிடம் ‘மேல் வகை அறைக்கு எவ்வளவு தருவீர்கள்’ என்று ஏலம் கேட்பார்கள். அறை எண் சொல்லாமல் வகை மட்டும் சொல்லி விற்கும் ‘கேரண்டி’ அறையும் இந்த ரகம்தான். எந்த அறை என்பதைக் கடைசியில் நிறுவனமே ஒதுக்கும். நடன அரங்குக்குக் கீழே அறை கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு அது நல்ல பேரம்.

நாட்டு நடப்பும் இதில் புகுந்து விளையாடும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானம் ஏற அமெரிக்கர்கள் அஞ்சியபோது கட்டணங்கள் சரிந்தன. காரிலேயே வந்து ஏறும்படி கப்பல்கள் பல ஊர்த் துறைமுகங்களுக்கு மாற்றப்பட்டன. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்தபோதும், 2013 பிப்ரவரியில் கார்னிவல் டிரையம்ப் மெக்சிகோ வளைகுடாவில் மின்சாரமின்றி மிதந்தபோதும் விலைகள் அடிவாங்கின. கொரோனா 2020 மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து புறப்படும் கப்பல்களை நிறுத்தியது. மீண்டு வந்த 2022-ல் கார்னிவலின் நிரம்பல் 75 சதவீதம்தான், அந்த ஆண்டு காத்திருந்தவர்களுக்கு யோகம். 2023-ல் அது 100-ஐத் தொட்டது, 2024-ல் 105. 2022-ல் கிடைத்த விலையை நினைத்துக்கொண்டு 2024-ல் காத்திருந்தவர்கள் பலர் ஏமாந்தார்கள்.

காலத்தைப் போலவே கடலும் விலையை முடிவு செய்கிறது. அலாஸ்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே பருவம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும். சுமார் 32,000 பேர் வாழும் ஜூனோ என்ற ஊருக்குக் கோடையில் கப்பல்கள் வரிசைகட்டி வந்தன. ஊர்க்காரர்கள் மூச்சுமுட்டிப் போய்க் கேள்வி கேட்டார்கள். 2024 முதல் ஒரு நாளைக்குப் பெரிய கப்பல் ஐந்துக்கு மேல் வரக் கூடாது என்று உடன்பாடு வந்தது. 2026 முதல் சனிக்கிழமைகளில் 12,000, மற்ற நாட்களில் 16,000 படுக்கை என்று எண்ணிக்கைக்கும் வரம்பு. கிளேசியர் பே என்னும் பனிப்பாறை விரிகுடாவுக்குள் ஒரு நாளில் இரண்டு சுற்றுலாக் கப்பல்கள்தான் நுழையலாம். இடம் அளவானது, ஆசைப்படுபவர்கள் ஏராளம். ஆகவே ஜூலைப் பயணத்துக்குக் கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்று காத்திருப்பது வீண். மே மாதத் தொடக்கமும் செப்டம்பரும் மலிவு. மேயில் குளிரும், செப்டம்பரில் மழையும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

அலாஸ்காப் பயணத்தில் வேறொரு நுணுக்கமும் உண்டு. 1886-ல் போட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்குவதைத் தடுக்கிறது. பெரிய சுற்றுலாக் கப்பல்களில் கிட்டத்தட்ட எல்லாமே வெளிநாட்டுக் கொடியில் ஓடுபவை. அதனால் சியாட்டிலில் புறப்பட்டு சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல் கனடாவின் விக்டோரியாவில் பெரும்பாலும் ஒரு மாலைப் பொழுது சில மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறது. சட்டத்துக்காகப் போடும் நிறுத்தம் அது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும், கனடா விதிகளையும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

கரீபியனில் கதை வேறு. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே சூறாவளிக் காலம். புயல் உச்சம் செப்டம்பரில், அதற்குள் அமெரிக்கப் பள்ளிகளும் திறந்துவிடும். புயல் பயமும் பள்ளி மணியும் சேர்ந்து செப்டம்பர், அக்டோபர் கட்டணங்களைக் கீழே இழுக்கின்றன. கப்பல் புயலைச் சுற்றிக்கொண்டு போய்விடும், ஆனால் போட்ட ஊருக்குப் பதில் வேறு ஊரைக் காட்டலாம். அமெரிக்காவின் நன்றியறிதல் நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடைப்பட்ட டிசம்பர் முதல் இரண்டு வாரம் சூறாவளிக் காலமும் முடிந்திருக்கும், விலையும் மலிவு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்கள் நமது தீபாவளிப் பேருந்து போலத்தான். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பயணங்களுக்கு அங்குள்ள பள்ளி விடுமுறைகளான ஜூனும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய உள்ள வாரங்களும், சீனப் புத்தாண்டும் ஏற்றம்.

மலிவு என்று வரும்போது இடமாற்றப் பயணங்களைச் சொல்லாமல் விட முடியாது. வசந்தத்தில் கரீபியனை விட்டு ஐரோப்பாவுக்கும், இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவை விட்டு அமெரிக்காவுக்கும் கப்பல்கள் பருவம் மாறிப் போகின்றன. எப்படியும் அந்தக் கடலைத் தாண்டியே ஆக வேண்டும். காலியாகப் போவதற்குப் பதில் ஆட்களை ஏற்றிக்கொள்கின்றன. இரண்டு வாரப் பயணத்தில் ஐந்தாறு நாள் தொடர்ந்து தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாது. மேற்கு நோக்கிப் போகும்போது நள்ளிரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்றைக்கு 25 மணி நேரம். புத்தகமும் கடலும் போதும் என்பவருக்கு, ஓர் இரவுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டால் இதைவிட மலிவான கப்பல் பயணம் அரிது. ஒரு கண்டத்தில் ஏறி இன்னொரு கண்டத்தில் இறங்குவதால் ஒருவழி விமானச் செலவை மட்டும் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னைக்காரர்கள் இதை நம் வாசலிலேயே பார்த்திருக்கிறார்கள். கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் 1990-ல் ராயல் கரீபியனுக்காக ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கட்டப்பட்டது. இந்தியாவில் அது மும்பையை வீடாகக் கொண்டது. தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மேற்குக் கரையில் சுற்றுலா நடத்த முடியாது. அதனால் 2022 ஜூனில் கப்பல் சென்னைக்கு வந்தது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைத் தொட்டு வந்தது.  அட்லாண்டிக்கில் பனிக்காலம் செய்யும் வேலையை இங்கே பருவமழை செய்கிறது.

அறைகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. சன்னல் இல்லாத உள் அறை, சன்னல் உள்ள அறை, பால்கனி அறை, ஸ்யூட் என்று நான்கு பெரிய வகைகள். இவற்றில் முதலில் தீர்வது இரண்டு முனைகளும்தான். மிக மலிவான உள் அறைகளும், எண்ணிக்கையில் சிலவே உள்ள ஸ்யூட்களும். நான்கு பேர் படுக்கும் குடும்ப அறைகள் அதைவிட வேகமாகத் தீரும். அவை எண்ணிக்கையில் குறைவு, அதோடு உயிர்காக்கும் படகுகளின் கொள்ளளவும் ஒரு வரம்பு. படகில் இடம் தீர்ந்துவிட்டால் அறையில் கட்டில் காலியாக இருந்தாலும் மூன்றாவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். இரண்டு பிள்ளைகளோடு போகும் குடும்பம் தள்ளுபடிக்குக் காத்திருப்பது ஆபத்தான விளையாட்டு.

தனியாகப் போகிறவர்களின் நிலைமை வருத்தத்துக்குரியது. கட்டணம் இருவர் கணக்கில் என்பதால் ஒருவர் போனாலும் பெரும்பாலும் இரண்டு பேருக்கான பணத்தைக் கட்ட வேண்டும். துணையை இழந்த முதியவர்கள், மணமாகாதவர்கள் இதனாலேயே பின்வாங்குகிறார்கள். 2010-ல் வந்த ‘நார்வீஜியன் எபிக்’ கப்பலில் ஒருவருக்கென்றே 128 சிறிய அறைகள் கட்டினார்கள். பிறகு வேறு சில கப்பல்களிலும் அது பரவியது. எண்ணிக்கை குறைவு என்பதால் அவையும் முன்பே தீர்ந்துவிடும்.

இனி ரசீதைக் கையில் எடுப்போம். ஓர் உதாரணக் கணக்கு. ஏழு இரவு, உள் அறை, விளம்பரத்தில் ஆளுக்கு 600 டாலர். இருவருக்கு 1,200. துறைமுகக் கட்டணமும் வரியும் ஆளுக்கு 150 என்றால் 300. பணியாளர்களுக்கான டிப்ஸ் தானாகவே கணக்கில் ஏறும். 2025-ல் பெரிய நிறுவனங்களின் சாதாரண அறைகளில் அது ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர். 18 என்று வைத்தால் 252. மொத்தம் 1,752. இணைய வசதியை ஒரு கருவிக்கு நாளைக்கு 20 டாலர் என்று எடுத்தால் இன்னும் 140. விளம்பரத்தில் பார்த்த 1,200 கையெழுத்துப் போடும்போது 1,892 ஆகிவிடுகிறது. இதே அறையில் ஒருவர் மட்டும் போனால் கட்டணம் 1,200, துறைமுகம் 150, டிப்ஸ் 126. இணையம் இல்லாமலே 1,476.

இந்த மறைப்புக்கு ஓரளவு முற்றுப்புள்ளி வைத்தது கலிபோர்னியா மாநிலச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையை விளம்பரம் செய்ய வேண்டும் என்றது. பெரிய கப்பல் நிறுவனங்கள் அமெரிக்கா முழுவதும் அப்படியே மாற்றிக்கொண்டன. டிப்ஸ் மட்டும் இன்னும் வெளியே நிற்கிறது. மற்ற நாடுகளில் வாங்குபவர்கள் எது உள்ளே, எது வெளியே என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டே ஆக வேண்டும். புதிய வரிகளும் வருகின்றன. 2025 ஜூலை முதல் கிரேக்க நாடு, உச்சப் பருவத்தில் சான்டரினி, மிக்கனோஸ் தீவுகளில் இறங்கும் கப்பல் பயணி ஒவ்வொருவருக்கும் 20 யூரோ விதித்திருக்கிறது.

அப்படியானால் எப்போது பதிவு செய்வது? இந்தக் கேள்விக்கு விடை கப்பலில் இல்லை, கேட்பவரின் வீட்டில் இருக்கிறது. எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று முதலில் அவர் தீர்மானிக்க வேண்டும். பள்ளி விடுமுறையைத் தவிர வேறு தேதி இல்லை, நான்கு பேர் அறை வேண்டும், ஸ்யூட் வேண்டும், அலாஸ்காவின் ஜூலை வேண்டும், புத்தம்புதிய கப்பல் வேண்டும் என்பவர்கள் ஆம்னி பேருந்துப் பயணிகள். அவர்கள் 9 முதல் 18 மாதம் முன்பே, திருப்பித் தரும் முன்பணத்தில், பதிவு செய்துவிட வேண்டும். எந்த வாரமானாலும் சரி, எந்த அறையானாலும் சரி, இருவர் மட்டும் என்பவர்கள் பூக்கடை வாடிக்கையாளர்கள். இறுதித் தவணை நாள் தாண்டும் வரை அவர்கள் தாராளமாகப் பொறுத்திருக்கலாம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு மூன்றாவது ஒரு கணக்கும் இருக்கிறது. கடைசி நேர மலிவு யாருக்கு உண்மையில் கைகொடுக்கிறது? ஃபுளோரிடாவில் காரை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு வந்துவிடக்கூடியவருக்கு, சவுத்தாம்ப்டனுக்கு ரயிலேறும் ஓய்வுபெற்றவருக்கு. சென்னையிலிருந்து பார்சிலோனாவுக்குக் கடைசி மாதத்தில் விமானச் சீட்டு வாங்குபவர் கப்பலில் மிச்சம் பிடித்ததை விமானத்தில் விட்டுவிடுவார். விசா அதைவிடப் பெரிய தடை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடையில் விண்ணப்பம் கொடுக்கத் தேதி கிடைப்பதே பாடு. ஏதென்ஸில் ஏறி துருக்கியின் குஷாடாசியில் இறங்கிவிட்டு மறுபடி கிரேக்கத் தீவுக்கு வரும் கப்பல், ஷெங்கன் எல்லையை விட்டு வெளியே போய்த் திரும்புகிறது. ஒருமுறை நுழையும் விசா அங்கே செல்லாது. தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிறவருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தேவை. சிங்கப்பூர், சென்னை போன்ற பக்கத்துத் துறைமுகங்களில் ஏறும் மூன்று நான்கு இரவுப் பயணங்களில்தான் நாம் பூக்கடைக்காரரிடம் பேரம் பேச முடியும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சிறிய வேலை. போக நினைக்கும் பயணம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே நேரத்தில் அந்தப் பயணத்தின் உள் அறை, சன்னல் அறை, பால்கனி அறைக் கட்டணங்களை, வரி சேர்த்த மொத்தமாக, தேதி போட்டு எழுதுங்கள். கொசுறுகளைப் பக்கத்தில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாவது வாரம் ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஒருநாள் உள் அறைக்கும் பால்கனிக்கும் இடையே உள்ள வித்தியாசம் திடீரென்று சுருங்கியிருக்கும். உள் அறைகள் தீர்ந்துவருகின்றன, பால்கனிகள் தேங்கி நிற்கின்றன என்று பொருள். ஏற்கெனவே பதிவு செய்திருந்தால், புறப்படும் தேதியிலிருந்து 90 நாள் பின்னால் எண்ணி, முகவரிடம் உறுதி செய்துகொண்டு, இறுதித் தவணை நாளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முகவருக்குத் தொலைபேசி எடுங்கள். இன்றைய விலை என்ன என்று கேளுங்கள்.